அரத்தின் மறுபாதி

என் ஜன்னலுக்கு வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேருகிற ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே ஐந்து பித்தளை டோக்கன்கள் கொடுப்போம். ஐந்திலும் அவனுடைய எண் அடித்திருக்கும். கருவி வேண்டுமென்றால் ஒரு டோக்கனை ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். நான் சுவரிலிருந்து கருவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அது தொங்கிய ஆணியில் டோக்கனை மாட்டுவேன். மாலை நாலு மணிக்குக் கருவி வந்தால் டோக்கன் போகும். இவ்வளவுதான் என் வேலை. இதைப் பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். பையன்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டு. முன்னால் பூட்டு மேடம், பின்னால் வெறும் பூட்டு. எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

உடைந்த கருவிக்குத் தனிச் சட்டம் உண்டு. இரண்டு துண்டும் வர வேண்டும். மேஜைமேல் இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்து, பொருந்தினால்தான் பதிவேட்டில் ‘உடைந்தது’ என்று எழுதலாம். மாற்றுக் கருவி வரும்வரை அவனுடைய டோக்கன் என் பெட்டியில் கிடக்கும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அரத்தின் இரும்பு கெட்டி இரும்பு. கீழே போட்டால் உடையும், தீட்டினால் கத்தியாகும்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஃபிட்டர் பிரிவுப் பையன் இருபத்தேழு வந்து பாதி அரத்தை வைத்தான். நுனிப் பாதி. பிடி இருந்த பாதியைக் காணோம்.

“மீதி எங்கடா?”

“ஸ்கிராப் தொட்டியில விழுந்துடுச்சு மேடம்.”

இரும்புக் கழிவைக் கொட்டுகிற ஸ்கிராப் தொட்டி ஆள் உயரம். அதில் விழுந்ததைத் தேட ஒரு ஆளும் ஒரு மணி நேரமும் வேண்டும். என் பஸ் நாலு இருபதுக்கு. நான் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அதோடு இருபத்தேழு பொய் சொல்கிற ஜாதி இல்லை. வாங்கிய கருவியைத் துடைத்துக் கொண்டுவருகிற ஒரே பையன் அவன்தான். ‘உடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் டோக்கனைப் பெட்டியில் போட்டேன். பஸ்ஸும் கிடைத்தது, உட்கார இடமும் கிடைத்தது.

இதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. அது வெல்டிங் பிரிவுப் பையன்களுடைய பெஞ்சு என்று ஒரு எழுதாத சட்டம். இருபத்தேழு அதில் உட்கார்ந்துவிட்டான். தெரியாமல் உட்கார்ந்தானா, கால் வலித்து உட்கார்ந்தானா என்று யாரும் கேட்கவில்லை. நாலு பேர் அவனை முட்டி போட வைத்து, ஒருவனுடைய ஷூவை அவன் சட்டை நுனியாலேயே துடைக்க வைத்தார்கள். ஐந்தாவது ஒருவன் அதைப் போனில் எடுத்தான். முப்பத்தெட்டு வினாடி. திங்கட்கிழமைக்குள் பள்ளியில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. ஃபிட்டர் மாஸ்டர் பார்த்தார், கேன்டீன்காரர் பார்த்தார், முதல்வரின் டிரைவர் இரண்டு தடவை பார்த்தார். நானும் பார்த்தேன். படத்தில் எடுத்தவன் முகம் தெரியாது, சிரிப்புதான் கேட்கும். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என் தங்கை மகனுடையது. வெல்டிங் பிரிவு, இரண்டாம் வருஷம். நான்தான் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தேன்.

பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அதுகூடக் கௌரவமாக இருக்கும். திங்கட்கிழமை காலையில் இருபத்தேழு அரம் வாங்க ஜன்னலுக்கு வந்தான். வரிசையில் அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“ஏன்டா, கையில என்ன வளையலா போட்டிருந்தே? ஓங்கி ஒண்ணு விட வேண்டியதுதானே?” என்றேன்.

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். சொல்லும்போது என் இரண்டு கையிலும் வளையல் இருந்தது. அவன் டோக்கனை வைத்து, அரத்தை எடுத்துக்கொண்டு போனான். அவன் பேரில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவனுக்கு ரோஷம் வரட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னதாக அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல எண்ணம் என்பது எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை இரண்டரை மணிக்கு ஃபிட்டர் மாஸ்டர் ஜன்னலில் வந்து புலம்பினார். அவருக்கு மனிதர்களைவிட இயந்திரங்கள்மேல் பாசம் அதிகம்.

“சாணைச் சக்கரம் மாத்தி ரெண்டு வாரம்கூட ஆகல மேடம். நடுவுல பள்ளம் விழுந்திருக்கு. எந்தப் படுபாவியோ கெட்டி இரும்பைக் கொடுத்துத் தேய்ச்சிருக்கான். தண்ணி டப்பாவப் பாருங்க, சேறு மாதிரி கெடக்கு.”

சாணைக்குப் பக்கத்தில் சூடான இரும்பை நனைக்க ஒரு தண்ணீர் டப்பா இருக்கும். அதிலிருந்து கிடைத்ததென்று ஒரு துணுக்கை ஜன்னல் மேடையில் வைத்தார். நகத்தளவு இருக்கும். அதன்மேல் சாய்கோடாக வரி ஓடியது. அரத்தின் பல்.

அவர் போனதும் பெட்டியைத் திறந்து முந்தின நாள் வாங்கிவைத்த பாதியை எடுத்தேன். துணுக்கை உடைந்த விளிம்பில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

பள்ளி விட இன்னும் ஒன்றரை மணி நேரம். முதல்வரிடம் ஓடியிருக்கலாம். ஓடினால் அவர் போலீஸைக் கூப்பிடுவார். போலீஸ் வந்தால் பதிவேட்டைப் பார்க்கும். பதிவேட்டில் ஒரே துண்டுக்கு ‘உடைந்தது’ என்று என் கையெழுத்து இருக்கிறது. இந்தக் கணக்கும் என் மனசில் ஓடியது, மறைக்கவில்லை. ஆனால் அது இரண்டாவது. முதலில் வந்தது தங்கை மகனின் வயிறு. ஒல்லியான பையன். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பான். அந்த இடத்தில் அரத்தின் பாதி ஏறுவதை நான் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு இரண்டும் ஆடியது.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்றும் சொல்வார்கள். இருபத்தேழைப் பற்றி அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இந்த ஒரு பழமொழிதான்.

வெல்டிங் கூடத்துக்குப் போய், ஸ்டோரில் இருப்பு எண்ண ஆள் வேண்டும் என்று சொல்லித் தங்கை மகனைக் கூட்டிவந்தேன். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். கருவி அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னலுக்கு இரும்பு ஷட்டர். வெளியே பெரிய பூட்டு. பள்ளியிலேயே பத்திரமான அறை அதுதான்.

“என்ன பெரியம்மா எண்ணணும்?”

“உன் நாள எண்ணு. அந்த வீடியோ எடுத்தது நீதானே?”

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“சும்மா ஜாலிக்கு எடுத்தோம். அவனை யாரும் அடிக்கக்கூட இல்ல.”

“அழி அதை.”

“என் போன்ல அழிச்சா ஆச்சா? அது எங்கெங்கேயோ போயிடுச்சு.”

“ஷூவைத் துடைக்க வெச்சியே, உனக்கு அப்படி என்னடா வந்துச்சு?”

“நான் துடைக்க வெக்கல. எடு எடுன்னாங்க, எடுத்தேன்.” போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டான். “எடுக்க மாட்டேன்னு சொன்னா அடுத்து என்னை முட்டி போடச் சொல்லுவானுங்க. போன வருஷம் நான் போட்டேன். அப்ப வீடியோ யாரும் எடுக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

இதை அவன் வீட்டில் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. அப்போதாவது உட்காரவைத்து விசாரித்திருக்க வேண்டும். ஆனால் மணி மூன்றடித்துக்கொண்டிருந்தது.

“இங்க பாரு,” என்றேன். “அந்தப் பையன் அரத்தை உடைச்சுக் கத்தி பண்ணியிருக்கான். உனக்காகத்தான். நான் வந்து திறக்கற வரைக்கும் இங்கயே இரு. சத்தம் போடாதே.”

அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெளியே வந்து பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். மனசு கொஞ்சம் நிம்மதியாயிற்று.

ஃபிட்டர் கூடத்தில் இருபத்தேழு ஒன்பதாம் எண் பிடிப்பானில் ஓர் இரும்புத் துண்டை மாட்டி அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டதும் வந்தான். கூடத்துக்குப் பின்னால் கை கழுவும் குழாய் இருக்கிறது. பகலில் அங்கே யாரும் இருப்பதில்லை. அங்கே கூட்டிப்போய்த் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

“மீதியைக் குடு.”

அவன் எங்கும் பார்க்கவில்லை, துணுக்கையே பார்த்தான். பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். குனிந்து பேன்ட்டைத் தூக்கினான். சாக்ஸுக்குள் இருந்தது. பழைய துணி சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். எடுத்து, பிடிப் பக்கம் என்னைப் பார்க்கும்படி நீட்டினான். எங்கள் பள்ளியில் கருவியை அப்படித்தான் நீட்டக் கற்றுக்கொடுப்போம். கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை. இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது. தேர்வில் இப்படித் தீட்டினால் முழு மதிப்பெண் போடலாம்.

“யாரைக் குத்த?”

“குத்தறதுக்கு இல்ல மேடம். எடுத்துக் காட்டினா பக்கத்துல வர மாட்டாங்க.”

“வந்தா?”

தூக்கிய பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டான்.

“யாருடா உனக்கு இந்தப் புத்தி சொன்னது?”

“எல்லாரும்தான்.” குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, கடைச் சாமான் பட்டியல் சொல்கிற குரல். “மாஸ்டர், சூடு சொரணை இருக்கான்னு கேட்டார். எங்கப்பா, நீ என் பையனே இல்லேன்னுட்டார். பஸ் கண்டக்டர், முட்டி வலி எப்படி இருக்குங்கறார். நீங்களும் சொன்னீங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது வயசில் ஒரு பையன் முன்னால் நிற்க முடியாமல் தவித்தேன்.

“நான் சொன்னது தப்பு. வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன்,” என்றேன்.

தலையை ஆட்டினான். நான் கத்தியை என் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன், இத்தோடு போகட்டும், ஒழுங்காகப் படி என்று இன்னும் நாலு வார்த்தை சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குழாயடியில் கொட்டிக் கிடந்த இரும்புத் தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டான்:

“அப்ப இன்னிக்கு நான் பஸ்ஸுக்கு எப்படிப் போறது மேடம்?”

“தினமும் போற மாதிரிதான். ஒண்ணும் ஆகாது, போ.”

அவன் போனான். நான் திரும்பி வரும்போது, சின்ன வயசில் மாங்காய் திருடி மாட்டாமல் தப்பித்த நாட்களில் இருந்த குதூகலம் எனக்கு இருந்தது. போலீஸ் இல்லை, முதல்வர் இல்லை, ஒருவர் பேரும் கெடவில்லை. மூன்று ஐம்பதுக்கு ஸ்டோரைத் திறந்தேன். தங்கை மகன் மூலையில், டிரில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஷட்டர் மூடினால் அந்த அறையில் காற்று வராது.

“கிளம்பு. நேரா வீட்டுக்குப் போ. அவன்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல, நான் வாங்கிட்டேன்.”

“வேற எதுவும் வெச்சிருக்க மாட்டானா?”

“எதுவும் இல்லடா. போ.”

கையைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்தபடியே போனான். நடுங்குவதை மறைக்கிறான் என்று நினைத்து, நான்கூட ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன்.

நாலு மணிக்கு மணி அடித்தது. அறுபது பையன்கள் ஒரே நேரத்தில் ஜன்னலில் வந்து விழுவார்கள். சுத்தியலை வாங்கு, டோக்கனைக் கொடு, உளியை வாங்கு, டோக்கனைக் கொடு. இருபத்தேழும் வந்தான். அரம், ஸ்கேல், இரண்டையும் துடைத்து வைத்தான். இரண்டு டோக்கனை வாங்கிக்கொண்டு போனான். நாலே காலுக்கு வரிசை தீர்ந்தது. வாங்கியவற்றை மாட்டிக்கொண்டே வந்தவள், சுவரின் இடது பக்கக் கடைசி வரிசையில் நின்றேன்.

ஸ்கிரேப்பர் தொங்குகிற ஆணி. ஸ்கிரேப்பர் என்றால் இரும்புப் பரப்பைச் சுரண்டி மட்டமாக்குகிற மூன்று விளிம்புக் கருவி. மூன்று விளிம்பும் சவரக் கத்தி மாதிரி இருக்கும். அதை யாருக்கும் சுலபமாகக் கொடுப்பதில்லை. ஆணியில் ஸ்கிரேப்பர் இல்லை. டோக்கனும் இல்லை.

முதலில் நான் எங்கோ மாற்றி மாட்டிவிட்டதாக நினைத்தேன். பக்கத்து ஆணிகளைப் பார்த்தேன், கீழே குனிந்து பார்த்தேன். குனிந்த இடத்தில் டிரில் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒருத்தன் தன்னைக் குத்த வருகிறான் என்று ஒரு பையனிடம் சொல்லி, அவனைக் கொண்டுபோய் முந்நூறு கருவிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பூட்டியிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரிக்கும் இந்தத் தப்பைச் செய்ய வழி கிடையாது.

ஓடினேன். கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. கேட்டைத் தாண்டி இருநூறு அடி. வாட்ச்மேன் எதிரே ஓடி வந்தார். அவர் கையில் தோள் துண்டு, அதில் சிவப்பு.

நடந்தது இவ்வளவுதான். பஸ் வந்து நின்றது. அதன் முன்கதவுக்குப் பக்கத்தில் தங்கை மகன் நின்றிருந்தான். நேரே வீட்டுக்குப் போகச் சொன்னேன், போவதற்கு அவனுக்கும் அதே பஸ்தான். இருபத்தேழு தனியாக நடந்து கதவுப் பக்கம் வந்தான். வந்தவன் சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டான். தங்கை மகன் ஸ்கிரேப்பரை உருவினான். அவன் அதை வெறுங்கையால் பிடித்தான். இவன் பயத்தில் இழுத்தான். சண்டை என்று சொல்ல முடியாது. ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை திட்டிக்கொள்ளவில்லை. இருபத்தேழின் பாக்கெட்டில் இருந்தது பஸ் பாஸ். சுற்றி நின்றவர்களில் மூன்று பேர், ரத்தத்தைப் பார்த்த பிறகு, இதையும் படம் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவசரப்படாமல் சொன்னார். வலது கை. மூன்று விரல்களின் நரம்பு அறுந்திருக்கிறது. தைத்தாகிவிட்டது. கை இருக்கும், விரலும் இருக்கும். இறுக்கிப் பிடிக்க முடியுமா என்பதை ஆறு மாசம் கழித்துத்தான் சொல்ல முடியும். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். ஃபிட்டர் என்றதும் பேனாவை மூடினார்.

தாழ்வாரத்தில் இருபத்தேழின் அப்பா உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுகிறவர். எழுந்து சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த யாரிடமோ, “என் பையன் எந்தச் சண்டைக்கும் போக மாட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுவரை வீட்டில் அவனைத் திட்டியதும் இதற்காகத்தான்.

தங்கை என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனாள். அழுது முகம் வீங்கியிருந்தது. தங்கை மகனைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள்.

“அக்கா, அந்தப் பையனோட டோக்கன் ஒண்ணு உன் பெட்டியில இருக்காமே.”

“யாரு சொன்னது?”

“அவன்தான் சொன்னான். உள்ள இருந்தப்ப பார்த்திருக்கான்.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதை எடுத்து அந்த ஆணியில மாட்டிடு. அந்தப் பையன்தான் அதை எடுத்துட்டுப் போனான், இவன் பிடுங்கறப்ப பட்டுடுச்சுன்னு ஆயிடும். பொய்கூடச் சொல்ல வேணாம். மாட்டிட்டு சும்மா இரு. அவங்களே பார்த்துப்பாங்க.”

“கை போயிருக்குடி அந்தப் பையனுக்கு.”

“போனது போயிடுச்சு. இவன் வாழ்க்கையும் போகணுமா? நீ தூக்கி வளர்த்த பையன்கா.”

நான் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஸ்டோர்ச் சாவி என்னிடமே இருந்தது. வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தார். இருட்டிவிட்டிருந்தது, விளக்கைப் போட்டேன். பெட்டியிலிருந்து டோக்கனை எடுத்து, ஆணிக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சுலபமான வேலை. பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேன். இதை மாட்டினால் தங்கை மகன் வெளியே வந்துவிடுவான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மாட்டத்தான் வந்தேன். கை மேலே போயிற்று, ஆனால் மாட்டவில்லை. நியாயம், தர்மம் என்று பெரிதாக எதுவும் தோன்றவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிவிட்டு பஸ் பிடித்துப் போயிருக்கிறேன், இன்னொரு தடவை முடியாது என்று மட்டும் தோன்றியது. டோக்கனைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எழுத்தர் ஒருவருடன் இன்ஸ்பெக்டர் ஸ்டோருக்கு வந்தார். முதல்வரும் மாஸ்டரும் கூட நின்றார்கள். தங்கை வாசலில் நின்றாள். எதையும் ஒளிக்காமல் சொன்னேன். பாதி அரத்துக்கு ‘உடைந்தது’ என்று எழுதியதைச் சொன்னேன். கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தேன். திங்கட்கிழமை ஜன்னலில் நான் சொன்னதைச் சொன்னபோது மாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார். ஸ்கிரேப்பரை எடுத்தது யார் என்று கேட்டார்கள். என் தங்கை மகன் என்றேன். வாசலில் தங்கை இல்லை, போய்விட்டாள். இதை எழுதுகிற இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு என் மகன் வயசுதான் இருக்கும். மரியாதையாகவே கேட்டார்.

“அவனை எதுக்கும்மா உள்ள வெச்சுப் பூட்டினீங்க?”

“அவனுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு.”

“சரி. கை அறுபட்ட பையன்கிட்ட கத்தியை வாங்கிட்டீங்க. அதுக்கப்புறம் இவனைப் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட யாரையாவது அனுப்பினீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பையன் அதைத்தான் என்னிடம் கேட்டான், வாய்விட்டுக் கேட்டான், நான் காதில் வாங்கவில்லை.

“அவனுக்கு ஏதாவது ஆகும்னு எனக்குத் தோணவே இல்ல,” என்றேன்.

எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.